ஒரே அடுப்பு

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தாமான் குடியிருப்பின் முனையில் நிற்கும் முனீஸ்வரர்மேல் ஆணை. அவர் போதாதென்றால் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் மின்கம்பத்தின்மேலும் ஆணை. கம்பம் அவரைவிடப் பழையது. அவரைவிட அதிகம் பார்த்திருக்கிறது.

மேல்தட்டு மனிதர் என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்ட குருபோங் ஊர் நல்லமுத்து, அன்று காலை பத்து மணிக்கு வீட்டின் பின்புறம் குளித்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் தூக்கத்திலேயே இறந்துபோயிருந்ததால் பெஞ்சில் கிடத்தி மற்றவர்கள்தான் தண்ணீர் ஊற்றினார்கள். மகள் பவானேஸ்வரி சீயக்காயை விரலில் எடுத்து அவர் தலையில் வைக்கப் போன நேரம், துணிக்கொடியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. யாரும் அசையவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

தோளைத் தாங்கிப் பிடித்திருந்த முனியாண்டி, "எடு பாப்பா. இல்லன்னா இந்த மனுசன் எந்திரிச்சு எடுத்துருவாரு," என்றார்.

சீயக்காய் ஒட்டாத விரலால் எடுத்தாள்.

"வணக்கம் மேடம்! முதலீட்டு கம்பெனியிலேருந்து பேசுறோம். மாச வருமானம் இருபதாயிரத்துக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா ஒரு திட்டம். மிஸ்டர் நல்லமுத்து இருக்காங்களா?"

"குளிக்கிறாரு."

"ஓகே மேடம். எப்ப முடிப்பாரு?"

பவானேஸ்வரி பெஞ்சைப் பார்த்தாள். "கொஞ்சம் நேரமாகும்," என்றாள்.

இரவு வேலை முடிந்து ஏழரைக்கு வந்தவள். வழக்கமாக அந்த நேரத்துக்கு மேசைமேல் மூடி வைத்த காப்பி இருக்கும். அன்று இல்லை என்பதை வைத்துத்தான் அப்பா போய்விட்டதைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து உட்காரவில்லை. கால்கள் இன்னும் தொழிற்சாலையிலேயே நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது.

ஒருவர் பணக்காரரா இல்லையா என்று பார்க்க மூன்று கேள்வி போதும். வருவது எவ்வளவு, இருப்பது எவ்வளவு, போவது எவ்வளவு. நல்லமுத்துவிடம் போவதற்குக் குறைவில்லை: மின்சாரம், தண்ணீர், கேஸ், மருந்து, அரிசி. இருப்பது ஒரு பழைய மோட்டோ சைக்கிள், ஒரு மலிவு விலை வீடு, வீட்டின் கூரையில் ஒரு ஒழுகல். வருவது மட்டும் மாதம் இருபத்தாறாயிரம் வெள்ளிக்கு மேல். மகளுடையது போக அத்தனையும் அடுத்தவர்களுடைய சம்பளம்.

அது வந்த விதம் இப்படி. நல்லமுத்து எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். ஆட்களை ஐசி என்கிற அடையாளக்கார்டு எடுக்கப் பட்டணத்துக்கு ஏற்றிப்போனவரும் அவர்தான். அத்தனை பேருடைய ஐசி நம்பரும் அவருக்கு மனப்பாடம். கல்யாண வீட்டில் பெயர் மறந்துபோனால் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் திரும்பிப் பார்க்கும். எஸ்டேட்டை விற்று லயத்து வீடுகளை இடித்தபோது, கையில் சொந்த வீடு இருந்தவர் அவர் ஒருவர்தான். வாடகை அறைக்கும் புறம்போக்குக் குடிசைக்கும் சிதறிப்போனவர்கள், கடிதம் வர ஒரு இடம் வேண்டுமே என்று, ஐசியில் அவர் வீட்டு முகவரியைப் போட்டுக்கொண்டார்கள். பிறகு அரசாங்கம் வீடு வீடாக வருமானம் பார்த்து உதவிப்பணம் கொடுக்கத் தொடங்கியது. கணினி அந்த மூன்றறை வீட்டுக்குள் பதினெட்டுப் பேரைக் கண்டது. வேலையில் இருந்தவர்களின் சம்பளத்தைக் கூட்டியது. வாழ்த்துச் சொல்லாத குறையாக, நீங்கள் மேல்தட்டு, உங்களுக்கு உதவி தேவையில்லை என்றது.

கணினி சொன்னதை மற்றவர்களும் நம்பினார்கள். கோயிலில் முதல் மாலை அவருக்கு விழுந்தது. காப்புறுதி பாலிசி விற்பவர்கள் தீபாவளிக்கு முறுக்கு டின் அனுப்பினார்கள். ஆயர் குரோ பக்கம் வெளிநாட்டுக் கார் விற்கும் ஒரு காடிக் கடையிலிருந்து, வந்து ஓட்டிப் பாருங்கள் என்று அழைப்பு வந்தது. நல்லமுத்து மோட்டோவில் போனார். காப்பி குடித்தார். காடியில் ஏறி உட்கார்ந்து, இல்லாத கிளட்சை இரண்டு முறை மிதித்தார். பின்னால் சமையல் கேஸ் தோம்பு எத்தனை ஏற்றலாம் என்று கேட்டார். அவர்கள் குறித்துக்கொண்டு ஒரு தொப்பி கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்தத் தொப்பி இல்லாமல் அவர் கடைக்கும் போனதில்லை. தாமானில் எல்லாரும் அவரை, அரசாங்கம் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டத்தால், டத்தோ என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

இதில் சிரிக்காதவள் பவானேஸ்வரி ஒருத்திதான். அவள் கணவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான். மகள் தாரணிக்கு நர்ஸ் படிக்கத் தாதிமைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்கு உதவி கேட்டு விண்ணப்பித்தால், மேல்தட்டுக் குடும்பம் என்று திரும்பி வந்தது. மூன்று முறை. மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி. இன்று செவ்வாய். அவர்களை முகவரியை மாற்றச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "சொல்றேம்மா. பாவம், அவங்கவங்க வேலையா இருப்பாங்க," என்பார்.

இன்று எல்லாரும் வருகிறார்கள். ஒரே பந்தலுக்குள் இருப்பார்கள். இன்று விட்டால் யாரை எங்கே போய்ப் பிடிப்பது? அப்பாவின் தலையில் சீயக்காயைத் தேய்த்துக்கொண்டே, யாரிடம் முதலில் கேட்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்ததற்காக வெட்கப்படவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

குளிப்பாட்டி முடிந்ததும் சேகரன் வந்தான். பெட்டி, பந்தல், சாப்பாடு மூன்றும் அவனுடைய தொழில். கல்யாணத்துக்கும் அதே நாற்காலிகள்தான். உறையை மட்டும் மாற்றுவான்.

"அக்கா, மூணு விதமா இருக்கு. சாதாரணம், ஸ்பெஷல், கண்ணாடி வண்டியோட கிராண்டு."

"சாதாரணம்."

"அக்கா, டத்தோலா அவரு. ஊரு என்னா சொல்லும்?"

"ஊரு காசு குடுத்தா கிராண்டு போடு தம்பி."

சேகரன் ஊரைத் திரும்பிப் பார்த்தான். ஊர் பக்கத்து வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தது. "சாதாரணமே போட்டுக்கலாம்," என்றான். "நெய்ப்பந்தம் எத்தன? பேரப்புள்ளைங்க எத்தன பேரோ அத்தன வேணும்."

"ஒன்னு."

"ஒன்னுதானா?"

"எனக்கு ஒரு புள்ள தம்பி."

பந்தலில் முனியாண்டி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நல்லமுத்துவின் லோரியில் கெலிண்டானாக இருந்தவர். பின்னால் ஏறி மூட்டை இறக்கி ஏற்றுகிற வேலை. இப்போது ஒரு அடுக்குமாடிக்குக் காவலாளி.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்குக் கேக்கக் கூடாது..."

"கேளு பாப்பா."

"ஒங்க ஐசில இன்னும் எங்க வீட்டு அட்ரஸ்தான இருக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திருங்க மாமா. அதனாலதான் தாரணிக்குக் கெடைக்க மாட்டேங்குது."

முனியாண்டி நனைந்த பையிலிருந்து ஐசியை எடுத்து நீட்டினார். "என்னா சொல்ற? இந்தா, படிச்சுப் பாரு. புக்கிட் பெருவாங். ஃபிளாட்டுக்குக் குடி போனப்பவே மாத்தியாச்சு. ஒங்கப்பாதான் மோட்டோல ஒக்கார வச்சு ஓப்பிஸுக்குக் கூட்டிட்டுப் போனாரு. போற வழியில எனக்கு ரொட்டி வேற வாங்கிக் குடுத்தாரு."

அவள் இரண்டு முறை படித்தாள். புக்கிட் பெருவாங்தான்.

ஜொகூரிலிருந்து இரண்டு மகன்களோடு வந்திருந்த நளினியைப் பிடித்தாள். எஸ்டேட்டில் பக்கத்து வீட்டுப் பெண். இப்போது பள்ளி ஆசிரியை.

"நான் மாத்தி எவ்வளவோ வருசமாச்சுக்கா. பெரியப்பாவுக்கே தெரியுமே. தீவாளிக்குத் தீவாளி போன் பண்ணி, சம்பளம் ஏறிச்சாம்மான்னு கேப்பாரு. போன வருசம் எரநூறு வெள்ளி ஏறிச்சுன்னேன். போனுலயே கண்ணு கலங்கிட்டாரு. என்னடா, எனக்கு ஏறுனதுக்கு இவருக்கு இவ்வளவு சந்தோசமான்னு..." நளினி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பவானேஸ்வரி விடவில்லை. நாற்காலி நாற்காலியாகப் போனாள். கேட்டவர்கள் எல்லாரும் ஐசியை எடுத்துக் காட்டினார்கள். கேட்காதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். சாவு வீடு சற்று நேரம் போலீஸ் ரோட் பிளாக் மாதிரி ஆகிவிட்டது. டுரியான் துங்கால், அலோர் காஜா, கிளேபாங், சிரம்பான். ஒருவருடைய ஐசியில்கூட அந்த வீட்டு முகவரி இல்லை.

அப்போது கணேசலிங்கம் வந்து இறங்கினார். எஸ்டேட்டில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் யாழ்ப்பாணம். பென்சன், பங்களா, வாடகைக்கு விட்ட இரண்டு கடை, மெல்பர்னில் மகன் என்று மூன்று கேள்விக்கும் ஒழுங்கான பதில் வைத்திருந்தவர் அந்தப் பந்தலிலேயே அவர் ஒருவர்தான். முதுகு வலிக்காகத் தனக்கென்று மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து விரித்து உட்கார்ந்தார். அவள் கையில் தன் ஐசியை எடுத்துக் கொடுக்காதவரும் அவர்தான்.

"என்ன பிள்ளை, எல்லாரிட்டயும் கார்டு பாத்துக்கொண்டு திரியிறாய்?"

சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அது அட்ரஸால வந்தது முதல் வருசம் மட்டும்தான், பிள்ளை. பிறகு எல்லாரும் மாத்திப்போட்டினம். ஒவ்வொரு வருசமும் அரசாங்க ஆக்கள் மண்டபத்தில வந்து இருந்து விவரம் எடுப்பினமே, அங்க நான்தான் இவரைக் காரில கூட்டிக்கொண்டு போறனான். இவர் நம்பர் நம்பரா ஒப்புவிப்பார். ஆர் ஆருக்கு எவ்வளவு சம்பளம் ஏறினது எண்டும் சொல்லுவார். கவுண்டரில இருந்த பெட்டைப் பிள்ளை மலாயில கேட்டுது, இத்தினை பேரும் ஒரே வீட்டிலயோ எண்டு. ஒரே அடுப்பு எண்டார்."

"அப்பாவா சொன்னாரு?"

"என்ர பென்சனையும் சேத்துச் சொன்னவர். எனக்குக் கோபம் வந்திட்டுது. எட நல்லமுத்து, நான் உன்ர வீட்டில ஒரு நாள் படுத்தனானோ? இப்பிடிச் சொன்னா உனக்கு ஒரு காசும் வராதெல்லோ எண்டு கேட்டன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'கெடைக்கிறது முந்நூறு வெள்ளி, கிராணி ஐயா. அதுக்காக இத்தன பேர வீட்ட விட்டு அனுப்பச் சொல்றீங்களா' எண்டு என்னைத் திருப்பிக் கேட்டான்."

பவானேஸ்வரி அப்பா கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இனிப் பிரச்சினை இல்லை, பிள்ளை. அவர் போயிட்டார். வீட்டில ரெண்டு பேர் எண்டு குடு. ரெண்டு பேருக்குக் கட்டாயம் கிடைக்கும்."

அவள் உள்ளே போய்ச் சமையலறையில் நின்றாள். சடலம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அது சில்லென்று கிடந்தது. இரண்டு பர்னரில் ஒன்று எப்போதோ செத்துப்போனது. மாற்ற எண்பது வெள்ளி. இருக்கிற ஒன்று போதும் என்று அப்பாதான் சொன்னார்.

தாரணி வாசலில் வந்து நின்றாள். "என்னம்மா? சொன்னாங்களா? மாத்திருவாங்களா?"

"ஒங்க தாத்தா..." என்றாள் பவானேஸ்வரி. பிறகு, "மாத்திட்டாங்க. நீ போயி மூஞ்சி கழுவு," என்றாள்.

மதியத்துக்கு மேல் வாய்க்கரிசி. பெட்டியில் நல்லமுத்து நெற்றியில் ஐம்பது சென் காசோடும் நெஞ்சின்மேல் காடிக் கடைத் தொப்பியோடும் படுத்திருந்தார். தொப்பியை வைத்தது சேகரன்; சாதாரணம்தான் என்றாலும் பார்ப்பவர்களுக்குத் தெரியவேண்டுமே என்று. பவானேஸ்வரியின் முறை வந்தது. அரிசியை அள்ளியவள் கையை அவர் வாயருகே கொண்டுபோய் அப்படியே நின்றாள். கண்கள் வறண்டிருந்தன. இத்தனை நேரம் அழாத மகள் இப்போது வெடித்துவிடுவாள் என்று பெண்கள் எல்லாரும் நெருங்கிவந்து காத்திருந்தார்கள்.

"மூணு தடவ அப்ளை பண்ணேன்ப்பா," என்றாள்.

பெண்கள் ஓவென்று அழுதார்கள். முனியாண்டி தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். என்ன அப்ளை என்று யாரும் கேட்கவில்லை. அவள் அரிசியைப் போட்டாள். கொஞ்சம் அவர் மோவாயில் ஒட்டிக்கொண்டது. அதை விரலால் தட்டிவிட்டாள்.

பிறகு நெய்ப்பந்தம். தாரணி ஒற்றைப் பந்தத்தை ஏந்திப் பெட்டியைச் சுற்றத் தொடங்கினாள். முதல் சுற்றில் அவள் மட்டும்தான். நளினியின் மூத்த மகன் அம்மாவைப் பார்த்தான். நளினி என்ன சாடை காட்டினாளோ, அவன் கைப்பேசியில் விளக்கை எரியவிட்டுத் தாரணிக்குப் பின்னால் நடந்தான். அவன் தம்பி நடந்தான். முனியாண்டியின் பேரன், பேத்தி, கிளேபாங்கிலிருந்து வந்த மூன்று பிள்ளைகள், யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாத ஒன்று. பட்டப்பகலில் அத்தனை வெள்ளை விளக்குகள் சுற்றிச் சுற்றி வந்ததில், கொசு மருந்து அடிக்க வந்த நகராண்மைக் கழக லோரி ஓரமாக நின்று விளக்கை அணைத்துக்கொண்டது. பூசாரி ஆட்சேபம் சொல்ல வாயைத் திறந்தார். வரிசையின் கடைசியில் வந்தது தன் மகள் என்று பார்த்து மூடிக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் நான் ரேட்டே வைக்கலையே," என்று சேகரன் வருத்தப்பட்டான்.

மின்சுடலையில் மகன் இல்லாத குறைக்குப் பவானேஸ்வரியே பச்சைப் பொத்தானை அமுக்கினாள். தொழிற்சாலையில் அவள் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அமுக்குவது மாதிரிப் பொத்தான்தான். விரல் பழக்கத்தில் இரண்டாவது தடவையும் போனது. முனியாண்டி கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தடவ போதும் பாப்பா."

வெளியே வந்ததும் அப்பாவின் கைப்பேசி அடித்தது.

"மேடம், காலையில பேசுனோமே. சார் குளிச்சு முடிச்சிட்டாரா?"

"முடிச்சிட்டாரு. இப்பதான் கெளம்பிப் போனாரு."

"ஐயோ. வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா மேடம், இருபதாயிரத்துக்கு மேல?"

"இருந்தாங்க," என்றாள் பவானேஸ்வரி. "எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போறாங்க."

உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். சாவுக்கு வந்தால் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பதால் ஒவ்வொருவராகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காடியில் ஏறினார்கள். கணேசலிங்கம் மடக்கு நாற்காலியைப் பந்தலிலேயே மறந்துவிட்டுப் போனார். அல்லது விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீடு கழுவியாகிவிட்டது. பவானேஸ்வரி அன்றைக்கு முதல் தடவையாக, அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். தாரணி காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை கூடுதல், தாத்தா போடுகிற அளவு.

"அம்மா, வெள்ளிக்கிழமை ரெண்டு பேருன்னு சொல்லணும். மறந்துடாதீங்க. யார் கேட்டாலும் ரெண்டு."

"ம்."

சேகரன் நாற்காலிகளை அடுக்கி லோரியில் ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அக்கா, பதினாறாம் நாளுக்குச் சாப்பாடு. வெளியாளுங்களுக்கு வேணாம், குடும்பத்துக்கு மட்டும் போதும். எத்தன பேரு?"

தாரணி அம்மாவைப் பார்த்தாள். பவானேஸ்வரி காப்பியை ஒரு மிடறு குடித்தாள். உதடு அசைந்தது, யார் யாரையோ நினைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

"பதினெட்டு," என்றாள்.

"தாத்தா இல்லாம பதினேழும்மா," என்றாள் தாரணி மெல்ல.

"படையலுக்கு ஒன்னு." டம்ளரைக் கீழே வைத்தாள். "பதினெட்டு இலை போடு தம்பி."

பதினாறாம் நாள் சாப்பிட வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் சாப்பாடு கொண்டுவந்த சேகரன்.